பிரீஆம்ப் இல்லாமல் சி.டி. பிளேயரைப் பவர் ஆம்ப்ளிஃபயருடன் இணைப்பது எப்படி?

பவர் ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரை ஓட்டும் கருவி. பிரீஆம்ப் அதற்கு முன்னால் நின்று மெல்லிய சிக்னலைப் பெருக்கி, ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் கருவி. பிரீஆம்ப் வாங்கப் பணம் சேரும்வரை சி.டி. பிளேயரை மூடிவைக்க வேண்டியதில்லை. இசைத்தட்டின் ஊசி தருவது சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கப் பிரீஆம்ப் கட்டாயம் வேண்டும். 1982இல் கடைக்கு வந்த சி.டி. பிளேயர் அப்படியல்ல. உச்ச ஒலியில் ஏறத்தாழ 2 வோல்ட் தருகிறது.

உண்மையில் அது தேவைக்கும் அதிகம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு 20 வோல்ட். அது உள்ளே வருவதை 20 மடங்கு பெருக்குகிறது என்றால் 1 வோல்ட் போதும். 2 வோல்ட் கொடுத்தால் 40 வோல்ட் தரத் திணறி, அலையின் உச்சியை வெட்டிவிடும். ஒலி கரகரக்கும், ட்வீட்டர் (மேல்சுர ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) எரிந்தும் போகலாம். ஆகவே நடுவில் ஒரு வால்யூம் கட்டுப்பாடு இல்லாமல் இணைக்கவே கூடாது.

படி 1: பிளேயரின் பின்புறத்தைப் பாருங்கள். ‘வேரியபிள்’ என்று எழுதிய வெளியீடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நேராக ஆர்.சி.ஏ. வயரை (நுனியில் நடு ஊசியும் அதைச் சுற்றி உலோக வளையமும் உள்ள ஆடியோ வயர்) செருகலாம். ஆம்ப்ளிஃபயரிலேயே ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தாலும் அதுவே போதும். இரண்டில் ஒன்று இருப்பவர்கள் படி 3க்குப் போய்விடலாம்.

படி 2: இரண்டும் இல்லையா? சின்னப் பெட்டி ஒன்றை நாமே செய்துகொள்ளலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் 10 கிலோ ஓம் ஸ்டீரியோ வால்யூம் கன்ட்ரோல் கேளுங்கள். ‘A10K’ என்று அச்சிட்டதாக இருக்கட்டும். ‘B10K’ வாங்கினால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே ஒலி சட்டென்று ஏறிவிடும். பிறகு பாதிச் சுற்றுக்கு மேல் பெரிய மாற்றம் தெரியாது.

குமிழ்த் தண்டு உங்களை நோக்கியும் கால்கள் கீழ்நோக்கியும் இருக்கும்படி பிடியுங்கள். மும்மூன்று கால்களாக இரண்டு வரிசை இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் இடது கால் எர்த் (இரு ஆர்.சி.ஏ. வயர்களின் வெளிக்கம்பி), நடுக்கால் ஆம்ப்ளிஃபயருக்கு, வலது கால் சி.டி. பிளேயரிலிருந்து. ஒரு வரிசை இடது சேனல், மற்றது வலது. எல்லாவற்றையும் உலோகப் பெட்டிக்குள் வைத்து, எர்த்தைப் பெட்டியோடு சேர்த்து ஈயத்தால் பற்றவையுங்கள். பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் செய்த என் முதல் பெட்டி பாட்டைவிட இரைச்சலைத்தான் நன்றாகத் தந்தது.

பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயர் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். மிகவும் நீண்டால் மேல்சுரங்களின் பளிச்சென்ற தன்மை மங்கக்கூடும்.

படி 3: எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு வயர்களைச் செருகுங்கள். வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். முதலில் சி.டி. பிளேயர், சில நொடி கழித்து ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர்தான் முதலில். வரிசை மாறினால் பிளேயர் எழுப்பும் ‘டப்’ என்ற அதிர்ச்சி முழுப் பலத்தோடு ஸ்பீக்கரைத் தாக்கும்.

படி 4: பழக்கமான பாட்டொன்றைப் போட்டு மெல்லத் திருப்புங்கள். ‘உம்’ என்ற முனகல் கேட்டால் எர்த் இணைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடினால் மற்றப் பக்கத்தின் நடுக்காலோ வலது காலோ சரியாகப் பற்றாமல் இருக்கலாம். இசைத்தட்டுச் சுழலியை மட்டும் இதில் மாட்டிப் பார்க்காதீர்கள், பாட்டு மிக மெலிதாகத்தான் கேட்கும்.