தென்னாப்பிரிக்காவில் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அரசு உதவி பெறும் வழி

படிப்புச் செலவையும் மருத்துவச் செலவையும் அரசு ஏற்க வேண்டுமா என்பது டர்பன் தமிழ் வீடுகளில் இன்றும் ஓயாத வாதம்; அரசாங்கத்திடம் கையேந்துவதா என்று கூசுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். கடையில் ஒரு சோப்புக்கட்டி வாங்கினாலே 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி கட்டுகிறவர், அந்த வரிப்பணத்தில் தமக்குரியதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்பதே என் கருத்து. அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு மருத்துவ வசதி பெறும் உரிமையைத் தருகிறது. மேற்கல்வி படிப்படியாக எல்லோருக்கும் எட்டும்படி செய்வதை 29ஆம் பிரிவு அரசின் கடமையாக்குகிறது.

ஆனால் இந்த உரிமைக்கு எல்லை உண்டு. சிறுநீரகம் செயலிழந்த டர்பன்வாசி தியாகராஜ் சூப்பரமணி, அடிங்டன் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் (இயந்திர ரத்தச் சுத்திகரிப்பு) மறுக்கப்பட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றபோது, அரசிடம் உள்ள வளத்துக்கு உட்பட்டதே அந்த உரிமை என்று 1997 நவம்பரில் தீர்ப்பாயிற்று. ஆகவே உதவி தேவைப்படுவது மட்டும் போதாது. விதித்திருக்கும் வரம்புக்குள் நம் குடும்பம் வருகிறது என்பதைத் தாள்களால் மெய்ப்பிக்க வேண்டும்.

படிப்புக்கு உதவுவது என்.எஸ்.ஃபாஸ் எனப்படும் தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்கு மேற்படாதிருந்தால், மாற்றுத்திறனாளி மாணவராயின் 6,00,000 ரேண்டுக்கு மேற்படாதிருந்தால், அரசுப் பல்கலைக்கழகத்திலோ அரசுத் தொழிற்கல்லூரியிலோ பெறும் முதல் பட்டத்துக்கு அல்லது சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் கல்லூரிகளுக்கு இது கிடையாது. சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை. 2017 டிசம்பரில் இந்த வரம்பு அறிவிக்கப்பட்டது முதல், தகுதி பெற்றவர்களுக்குக் கிடைப்பது திருப்பிச் செலுத்த வேண்டாத உதவித்தொகை. அதற்கு முன்பு அது கடனாக இருந்ததால், பிள்ளை கடனாளியாகிவிடுவான் என்ற பழைய அச்சம் சில வீடுகளில் இன்னும் நீங்கவில்லை.

விண்ணப்பத்தை இணையத்தில், மாணவரின் அடையாள எண்ணைக் கொண்டு, கட்டணமின்றிச் செய்யலாம். பணம் வாங்கிக்கொண்டு நிரப்பித் தருகிறோம் என்பவர்களை நாட வேண்டாம். தாய் தந்தை இருவரின் அடையாள அட்டை நகல்களையும் வருமானச் சான்றுகளையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில்தான் சிக்கல் அதிகம்: யாருடைய வருமானம் கணக்கில் சேரும் என்பது பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை விளக்கும் சத்தியப் பத்திரத்தை அருகிலுள்ள காவல் நிலையத்தில் செலவின்றி உறுதிசெய்து பெறலாம். வருமானத்தை வரித்துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால் குறைத்துக் காட்டுவது வீண். இன்னொன்றை மறக்கக் கூடாது: நிதியுதவிக்கு விண்ணப்பித்தால் கல்லூரியில் இடம் கிடைத்துவிடாது. டர்பன் உள்ள குவாசுலு-நடால் மாகாணத்தில் பல்கலைக்கழக இடம் கேட்பதற்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத் தனியே மனுச் செய்ய வேண்டும்.

வரம்பைச் சற்றே தாண்டும் குடும்பங்கள் நெடுங்காலம் நடுவில் சிக்கித் தவித்தன. ஆசிரியரும் தாதியுமாக இருவர் உழைக்கும் வீடு ஏழையும் அல்ல, மூன்று பிள்ளைகளின் கட்டணத்தை ஒருசேரக் கட்டும் வசதியும் அதற்கு இல்லை. அவர்களுக்காக, 6,00,000 ரேண்ட் வரை வருமானமுள்ள வீடுகளுக்கு 2024இல் ஒரு கடன் திட்டம் தொடங்கப்பட்டது. இது திருப்பிச் செலுத்த வேண்டியது. கையெழுத்திடுமுன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

மருத்துவத்துக்கு வருவோம். அரசு கிளினிக்கில் அடிப்படைச் சிகிச்சை இலவசம். மருத்துவமனையில் வருமானத்துக்கேற்பக் கட்டணப் பிரிவு உண்டு. முதியோர் உதவித்தொகை பெறுகிறவர் கட்ட வேண்டியதில்லை. மெடிக்கல் எய்ட் எனப்படும், சந்தா கட்டிச் சேரும் மருத்துவக் காப்பீடு இல்லாத கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 1994 முதல் கட்டணமில்லை. அவசரச் சிகிச்சையை எவருக்கும் மறுக்கக் கூடாது என்பதும் அதே 27ஆம் பிரிவில் உள்ளது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருப்பவர் நேரே அங்குள்ள ஆர். கே. கான் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பதைவிட, முதலில் கிளினிக்கில் பார்த்துப் பரிந்துரைக் கடிதம் பெற்றுச் செல்வது நல்லது. அடையாள அட்டை, முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு அல்லது உதவித்தொகைச் சான்று ஆகியவற்றைப் பதிவு மேசையிலேயே காட்டுங்கள்; காட்டாதவர் உயர்ந்த கட்டணப் பிரிவில் சேர்க்கப்படலாம். நிலையாகக் கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள், மாத்திரையை வீட்டுக்கு அருகிலுள்ள மருந்துக்கடையிலோ வேறு விநியோக இடத்திலோ வாங்கிக்கொள்ள ஏற்பாடு உண்டு. மாதந்தோறும் விடியலில் வரிசைக்குப் போகும் முதியவர்கள் இதைத் தாதியிடம் கேட்டாக வேண்டும், ஏனெனில் கேட்காதவர்களுக்குப் பல இடங்களில் யாரும் சொல்வதில்லை.

மெடிக்கல் எய்ட் வைத்திருப்பவர்கள், எல்லோருக்கும் அரசே மருத்துவச் செலவை ஏற்பதற்கான தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரமபோசா 2024 மே 15இல் கையெழுத்திட்டார் என்பதை நம்பி மெடிக்கல் எய்டை நிறுத்திவிட வேண்டாம். கையெழுத்தானதால் மட்டும் அந்தக் காப்பீடு நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 90 நாளுக்கு மேல் இடைவெளி விட்டு மெடிக்கல் எய்டில் மீண்டும் சேர்கிறவருக்கு, செலவுத்தொகை கிடைக்காத மூன்று மாதப் பொதுக் காத்திருப்பையும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரையான காத்திருப்பையும் விதிக்க மெடிக்கல் எய்ட் பற்றிய சட்டம் இடம் தருகிறது.