குறைபாடுள்ள ஏர்பேக்கால் காயமடைந்தால் இழப்பீடு கோருவது எப்படி?

ஏர்பேக் குறைபாட்டால் காயமடைந்தவர் முதலில் காக்க வேண்டிய சான்று வாகனமே. அதைப் பழுதுபார்க்கவோ பழைய இரும்புக்கு அனுப்பவோ இசைந்துவிட்டால், ஏர்பேக்கை வாயுவால் நிரப்பும் பாகமான, வெடித்த இன்ஃப்ளேட்டரும் மோதலின் விவரங்களைப் பதிந்து வைத்திருக்கும் கருவியும் சேர்ந்தே போய்விடும். அவையின்றிக் குறைபாட்டை நிரூபிப்பது மிகக் கடினம். ஆகவே, வாகனத்தை அப்படியே வைத்திருக்குமாறு காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

அடுத்து, எழுத்துகளும் இலக்கங்களுமாக 17 குறிகள் கொண்ட வாகன அடையாள எண்ணை வைத்து, உற்பத்தியாளர் குறைபாட்டைச் சரிசெய்ய அந்த வாகனத்தைத் திரும்ப அழைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அழைப்பு இல்லை என்பதாலேயே உங்கள் உரிமை அற்றுப்போகாது. ஜப்பானிய நிறுவனமான டகாட்டாவின் இன்ஃப்ளேட்டர்களில் வாயுவை உண்டாக்க வைத்திருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் நாளடைவில் சிதைந்ததால், ஏர்பேக் விரியும்போது உலோக உறையே வெடித்துச் சிதறியது. அத்தகைய காயத்தில், உடலிலிருந்து எடுத்த உலோகத் துண்டுகளை அப்புறப்படுத்தாமல் பாதுகாக்கும்படி மருத்துவமனையிடம் கேளுங்கள். அவை வலுவான சான்று.

ஏர்பேக் விரியவே இல்லை என்பது சற்றுச் சிக்கலான வழக்கு. எல்லா மோதலிலும் அது விரிய வேண்டியதில்லை என்பதால், மோதிய திசையையும் வேகத்தையும் ஆராய்ந்த பொறியாளரின் அறிக்கை தேவைப்படும்.

வழக்கு தொடுப்பதற்கான காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். எனவே வழக்கறிஞரை விரைவில் அணுகுங்கள். அவர் படித்துப் பார்க்கும்வரை எந்தச் சமரசப் பத்திரத்திலும் கையெழுத்திடாதீர்கள்.