கட் ஆஃப் இருந்தும் கைநழுவும் அண்ணா பல்கலைக்கழக சீட்டு

அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியோ குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோ கிடைக்கிற அளவுக்கு கட் ஆஃப் வாங்கிவிட்டு, கவுன்சிலிங்கில் கோட்டைவிடுகிற பிள்ளைகள் நம் தொண்டி, பாம்பன், மூக்கையூர் பக்கம் உண்டு. பெரும்பாலும் வினை போன் நம்பரில் தொடங்குகிறது.

டி.என்.இ.ஏ. என்கிற தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்குப் பதிவு நடக்கிற மே மாதம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அப்பா வீட்டில்தான் இருப்பார். நெட் சென்டரில் நம்பர் கேட்டதும் அவருடையதைச் சொல்லிவிடுவார்கள். கவுன்சிலிங் சூடுபிடிக்கும்போது அவர் கடலில். போனில் சிக்னல் இருக்காது. ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் முடிவைச் சொல்லக் கிடைப்பதோ இரண்டொரு நாள். கரையில் இருக்கிறவர் நம்பரைக் கொடுங்கள், அம்மா நம்பர் போதும். நெட் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியைப் போடுகிறாரா என்றும் ஒரு கண் வையுங்கள்.

அடுத்து, விருப்பப் பட்டியல். "நமக்கெல்லாம் கிண்டி கிடைக்குமாய்யா? கிடைக்கிறதை மேல போடு" என்று சித்தப்பா யாராவது சொல்வார். கேட்காதீர்கள். உங்கள் ரேங்க் வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, உங்களுக்கு இடம் இருக்கிற முதல் விருப்பத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பக்கத்து ஊர் கல்லூரியை முதலில் போட்டால், கலாம் படித்த எம்.ஐ.டி.யில் இடம் காலியாகக் கிடந்தாலும் உங்களுக்கு வராது. எம்.ஐ.டி.யை மேலே போட்டுக் கிடைக்காமல் போனால் நட்டம் ஒன்றுமில்லை, அடுத்த விருப்பத்துக்குப் போய்விடும். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆசைப்படுகிற வரிசையிலேயே கொடுங்கள்.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரில் இணைப்புக் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ராமநாதபுரத்தில் இருப்பது உறுப்புக் கல்லூரி, பல்கலைக்கழகமே நடத்துவது. அதனால் பெயரோடு குறியீட்டு எண்ணையும் பாருங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியின் குறியீட்டு எண் 1, எம்.ஐ.டி.க்கு 4. பாடப்பிரிவின் வால் பகுதியையும் படியுங்கள். எஸ்.எஸ். என்றிருந்தால் சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். கிண்டியில் சிவில், மெக்கானிக்கல் இரண்டும் தமிழ் வழியிலும் உண்டு, அவற்றுக்குக் குறியீடு தனி.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு குழப்பம் தீருவதே இல்லை. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் பலர் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளியில். சம்பளம் அரசு கொடுத்தாலும் இந்தக் கணக்கில் அது சேராது. சேரும் என்று நம்பி, கல்விக் கட்டணத்தை அரசே கட்டிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடலாம்.

ஒதுக்கீடு வந்ததும் இனிப்பு வாங்கப் போகுமுன் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று பாருங்கள். ஏற்றுக்கொண்டு சேர்வதாகச் சொன்னவர் கெடுவுக்குள் கல்லூரிக்கே நேரில் போக வேண்டும். ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதாகச் சொன்னவர் டி.என்.இ.ஏ. உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். எதுவும் செய்யாமல் வீட்டில் இருந்தால் இடம் ரத்து. மாற்றுச் சான்றிதழைப் பள்ளியிலிருந்து முன்பே வாங்கி வையுங்கள். சென்னை ரயிலில் கடைசி நேரத்தில் படுக்கை கிடைக்காது, பஸ்ஸையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.