மோர்ஸ் கீயைச் செட் செய்யும் முறை: சேலம் வெயிலுக்கும் ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்கும்

ஹாம் ரேடியோவில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் அனுப்பக் கையால் தட்டும் சுவிட்ச்தான் மோர்ஸ் கீ. பழைய பித்தளைக் கீ ஒன்று கிடைத்தால், குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டு விளக்கத் தோன்றும். செய்யாதீர்கள். புளியின் அமிலம் மரைக்குள்ளும், லீவர் ஆடும் அச்சான பிவட்டுக்குள்ளும் தங்கிப் பச்சைக் களிம்பாக வெளியே வரும். ஏற்காட்டு ஈரத்தில் இன்னும் சீக்கிரம் வரும். கீ மின்ன வேண்டியதில்லை. காண்டாக்ட் (தொட்டால் கரண்ட் பாயும் முனை) இரண்டும் முழுப் பரப்பில் சேர வேண்டும், கை எடுத்ததும் பிரிய வேண்டும். அது சரியாக இருந்தால் மலிவான கீயிலும் அடிக்கும் மோர்ஸ் அழகாக வரும்.

முதலில் மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். தந்திக் காலத்துக் கீ பலவற்றில் மூன்று முனைகள் இருக்கும்: முன் காண்டாக்ட், லீவர் (கைப்பிடி உள்ள தண்டு), பின் காண்டாக்ட். அழுத்தும்போது பீப் அடிக்கும் ஜோடிதான் நமக்கு வேண்டியது. சும்மா இருக்கும்போதே பீப் அடிக்கும் ஜோடியைத் தெரியாமல் இணைத்தால், கையை எடுத்தவுடன் ரிக் (ரேடியோ செட்) டிரான்ஸ்மிட் ஆகிக்கொண்டே இருக்கும். பின் முனையை அப்படியே விட்டுவிடுங்கள்.

ரிக்கில் செருகும் பிளக்கின் நுனி டிப், நடு வளையம் ரிங், அடிப்பகுதி ஸ்லீவ். லீவரை ஸ்லீவுக்கும், முன் காண்டாக்டை டிப்புக்கும் கொடுங்கள். விரல் படக்கூடிய உலோகம் எர்த் பக்கம் இருக்க வேண்டும். பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர்களில் கீயின் குறுக்கே ஆபத்தான வோல்டேஜ் வரும், அங்கே இது உயிர்க் காரியம். ஸ்டீரியோ பிளக் போட்டு ரிங்கைக் காலியாக விடுங்கள். மோனோ பிளக் போட்டால் ரிங்கும் ஸ்லீவும் சேர்ந்துவிடும். ரிக்கில் கீயர் (புள்ளி, கோடுகளைத் தானாக உருவாக்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால் கீயைத் தொடாமலே கோடு கோடாகக் கொட்டும். மெனுவில் ஸ்ட்ரெய்ட் கீ (கையால் அடிக்கும் சாதாரணக் கீ) என்று மாற்றவும் மறக்காதீர்கள்.

கரண்ட் பிவட் வழியாகப் போகக் கூடாது. அங்கே எண்ணெயும் அழுக்கும் சேர்ந்தால் டோன் கரகரக்கும், குற்றம் காண்டாக்டில் என்றே நினைப்போம். லீவருக்கும் அதன் முனைக்கும் நடுவே மெல்லிய, வளையக்கூடிய செம்பு ஒயர் இருக்கிறதா பாருங்கள். அறுந்திருந்தால் புதிதாக சோல்டர் செய்யுங்கள்.

இனி செட்டிங். வரிசை மாறக் கூடாது. பக்கவாட்டு பிவட் திருகுகளை ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, மயிரிழை தளர்த்தி, திருகை அசையாமல் பிடித்தபடி லாக் நட்டைப் பூட்டுங்கள். நட்டை இறுக்கும்போதுதான் திருகும் சேர்ந்து சுற்றி எல்லாம் கெடும். பிறகு பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் காண்டாக்ட் கீழ்க் காண்டாக்டின் மேல் நேராக உட்கார வேண்டும், ஒரு விளிம்பில் மட்டும் தொடக் கூடாது.

காண்டாக்ட் இடைவெளிக்கு ஜெராக்ஸ் பேப்பரே அளவுகோல். ஒரு தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர். கற்றுக்கொள்பவர் நான்கு தாள் வையுங்கள், கை பழகியதும் இரண்டுக்கு வரலாம். குறைவாக வைத்தால் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும்; கூடினால் டக் டக் சத்தம் பெரிதாகி, புள்ளிகள் நடுவில் காணாமல் போகும்.

ஸ்பிரிங்குக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். கீயைத் தராசில் வைத்து ஜீரோ செய்யுங்கள். பீப் அடிக்கும்வரை கைப்பிடியை மெதுவாக அழுத்தி எண்ணைப் பாருங்கள். 250 முதல் 350 கிராமில் தொடங்குவது நல்லது. தளர்வாக இருந்தால் கோடு நீண்டு இழுக்கும். இறுக்கினால் புள்ளி குட்டையாகும், அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும்.

கீ மேசையில் நகர்ந்தால் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது. சேலத்து லேத் பட்டறை ஒன்றில் 150 × 100 × 10 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வெட்டி வாங்குங்கள். எடை கிட்டத்தட்ட 1.2 கிலோ. துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடித்து, அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டி, கீயை அதில் திருகுங்கள். முன்கை மேசையில் படிய வேண்டும், ஆகவே விளிம்பிலிருந்து ஒன்றரை அடி உள்ளே வையுங்கள்.

மலையில் காண்டாக்ட் சீக்கிரம் கறுக்கும். உப்புத்தாள் வேண்டாம், வெள்ளி முலாம் போய்விடும். சுத்தமான பேப்பர் கீற்றை நடுவில் வைத்து, லேசாக அழுத்தியபடி இழுங்கள். கறுப்பு வருவது நின்றதும் நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் கீயை மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது ஏற்காட்டுக்காரர்களுக்கு அவசியம். சேலத்தில் தூசிக்கு ஒரு துணி மூடினாலே போதும்.

பேடில் (புள்ளிக்கும் கோட்டுக்கும் தனித்தனி காண்டாக்ட் உள்ள கீ) வைத்திருப்பவர்களுக்கு டிப் புள்ளி, ரிங் கோடு; இடைவெளி ஒரு தாள். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக்கில் ஆன்டெனாக் கம்பியைக் கட்டி, மறுமுனையை நேராக ரிக்குக்கே கொண்டுவந்தால், பவர் கூட்டும்போது கீயர் தானாகப் புள்ளிகளைக் கொட்டலாம். பேடில் ஒயரே ஆன்டெனாவாகி ஆர்.எஃப்.ஐ (ரேடியோ அலை இடையூறு) இழுக்கிறது. ஷீல்டு ஒயராக மாற்றி, பிளக்குக்குள் டிப்–ஸ்லீவ், ரிங்–ஸ்லீவ் இரண்டுக்கும் 103 (0.01 மைக்ரோஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒயரை ஃபெரைட் வளையத்தில் சில சுற்று சுற்றுங்கள்.

கடைசியாக, பிரேக்-இன்னை (கீயை அழுத்தியதும் டிரான்ஸ்மிட் ஆகும் வசதி) அணைத்துவிட்டு, சைட்டோனை (நாம் அடிப்பது நமக்கே கேட்கும் ஒலி) மட்டும் போனில் பதிவு செய்யுங்கள். நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் புள்ளி 100 மில்லிசெகண்ட், கோடு 300. அலைவடிவத்தில் அளந்து பார்க்கலாம். H நான்கு புள்ளி, 5 ஐந்து புள்ளி. மாற்றி மாற்றி இருபது தடவை அடியுங்கள். நான்கு அடித்தும் ஐந்து பதிவாகியிருந்தால் காண்டாக்ட் துள்ளுகிறது. ஸ்பிரிங்கைத் தொடும் முன், பிவட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் குற்றம் அங்கேதான்.