‘சார், தூங்கிட்டீங்களா?’: ஆசிரியர்கள் போனில் செய்யும் தவறுகள்

இரவு பத்தே முக்காலுக்கு வாட்ஸாப்பில் வந்தது: “சார், தூங்கிட்டீங்களா? முக்கோணவியல்ல ஒரு டவுட்.” பத்தாம் வகுப்பு மாணவி. கணக்குதானே என்று போட்டுக்காட்டிப் படமெடுத்து அனுப்பினேன். மறுநாளும் அதே நேரத்துக்கு ஒரு டவுட். மூன்றாம் நாள் கணக்கே இல்லை, அப்பா திட்டிய கதை.

அதில் தப்பான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவள் அம்மாவுக்கு இது தெரியாது. என் மகளுக்கு ஒரு வாத்தியார் ராத்திரியில் இப்படிப் பதில் போட்டுக்கொண்டிருந்தால் நான் சும்மா இருப்பேனா? என்ன பேசினோம் என்பதைவிட, மூன்றாவது ஆள் பார்க்க முடியாத இடத்தில் பேசினோம் என்பதுதான் தவறு.

அதற்காக எல்லாரையும் ஒரே வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிடுவதும் கூடாது. உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் எண் தெரியும். ஒரு பெண்ணின் எண்ணை நாற்பது பேருக்கு நாமே கொடுத்தமாதிரி. பெற்றோர் எண்ணைச் சேர்த்து, தலைமையாசிரியரையும் அட்மினாக்கி, அட்மின் மட்டும் எழுதும்படி வைப்பது மேல். டவுட்டைக் காலையில் வகுப்பில் கேட்கட்டும்.

இன்ஸ்டா ரிக்வெஸ்ட்டை மறுத்தால் பிள்ளை முகம் வாடும் என்று சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒருவனை ஏற்று இன்னொருவனை விட்டால் மறுநாளே ‘சாரோட செல்லம்’ என்று பேர். “ஸ்கூல் முடிச்சுட்டு அனுப்பு” என்று எல்லாருக்கும் ஒரே பதில் போதும். நாமாகப் போய் அவர்கள் படத்துக்கு ஹார்ட் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். சிரிப்பாக எழுதிய விடைத்தாளை ஸ்டேட்டஸில் போடுகிறார்களே, அதில். பெயரை மறைத்தாலும் கையெழுத்தை வகுப்பே கண்டுபிடித்துவிடும். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளை ரீல்ஸில் ஆடவிடுவதும் இந்த ரகம்தான்.

செய்தி தானாக அழியும்படி வைப்பதில் ஆபத்து இரட்டிப்பு. தப்பு செய்யாதவருக்கும் நாளைக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. 2021 மே மாதம் சென்னைப் பள்ளி ஆசிரியர் ஒருவர்மேல் பாலியல் புகார் எழுந்தபின், ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்யச் சொன்னது தமிழக அரசு.

சக ஆசிரியரின் போக்கு சரியில்லை என்று தெரிந்தும் “நம்ம ஸ்டாஃப்தானே, பேசிக்கலாம்” என்பதுதான் மன்னிக்க முடியாதது. 2012 போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. ப்ளஸ் டூ படிப்பவரும்தான். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாதது தனிக் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம், தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வி உதவி எண் 14417-க்கும்.

அந்த மூன்றாம் நாள் இரவு, “நாளைக்கு ஸ்டாஃப் ரூமுக்கு வாம்மா, தமிழ் டீச்சரும் இருப்பாங்க” என்று மட்டும் எழுதினேன். வந்தாள், தோழியையும் கூட்டிக்கொண்டு.