தில்லி சுற்றிப் பார்க்க வருகிறவர்களே, கையைக் கொஞ்சம் கட்டிக்கொள்ளுங்கள்

தெற்கு தில்லி முனிர்க்காவில் குடியிருப்பதால் ஊரிலிருந்து யார் வந்தாலும் குதுப் மினாருக்குக் கூட்டிப்போவது என் வேலை. வருகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் கை சும்மா இருக்காது. கோயிலில் கருங்கல் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, மிச்ச விபூதியை அதிலேயே தட்டிவிட்டு வளர்ந்த பழக்கம் (அங்கேயும் தப்புதான், அது தனிக் கதை). இங்கே நீங்கள் தொடுவது பெரும்பாலும் மணற்கல், இல்லையென்றால் சுண்ணாம்புக் காரை. இரண்டுமே கருங்கல் மாதிரி தாங்காது.

பெரிய தவறு பெயர் கீறுவது. லோதி தோட்டத்துச் சமாதிகளுக்குள் போனால் கை எட்டும் உயரம் வரை சாவியால் கீறிய பெயர்கள்தான், ஒருமுறை இதயத்துக்குள் தமிழ்ப் பெயரையே பார்த்துவிட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம் வீட்டுச் சுவர் என்றால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம். 500 வருஷக் காரையில் அது நடக்காது. கீறின இடத்தில் ஈரம் இறங்கும், சுற்றியிருக்கும் பூச்சு உப்பிப் பெயரும், புதிதாகப் பூசினாலும் பழைய பூச்சு போனது போனதுதான். பக்கத்தில் நாலு பெயர் இருக்கிறதே, ஐந்தாவதால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 2010இல் திருத்திய தொல்சின்னங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

"சும்மா தொட்டுத்தானே பார்த்தேன்" என்பது அடுத்தது. குதுப் வளாகத்து இரும்புத் தூண் சுமார் 1600 வருஷமாகப் பெரிதாகத் துருப்பிடிக்காமல் நிற்கிறது, இரும்பில் இருக்கும் பாஸ்பரஸால் அதன்மேல் படிந்த மெல்லிய படலம்தான் காரணம். தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கோத்தால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட, வந்தவர்கள் எல்லோரும் உரசி உரசிக் கீழ்ப்பகுதி நிறமே மாறிவிட்டது. அப்புறம் 1997இல் வேலி போட்டார்கள். போன மாதம் வந்த சித்தப்பா அந்த வேலியைப் பார்த்து, "இவ்வளவு தூரம் வந்தும் தொட விடமாட்டேங்கிறானே" என்று அலுத்துக்கொண்டார். அதற்குத்தான் வேலி, சித்தப்பா.

போட்டோவுக்காக இடிந்த சுவரில் ஏறாதீர்கள், மேலே இருக்கும் கல் பிடிப்பில்லாமல் இருக்கலாம். பெரோஸ் ஷா கோட்லா என்ற பழைய கோட்டை இடிபாட்டில் வியாழக்கிழமை ஜின்களுக்கு (கண்ணுக்குத் தெரியாத ஆவிகள்) விளக்கேற்றுகிறார்கள், அது அவர்கள் நம்பிக்கை, ஆனால் அதைப் பார்த்துவிட்டு நீங்களும் ஆசைக்கு ஒரு மெழுகுவர்த்தியைச் சுவரோரம் வைக்காதீர்கள். கரி கல்லில் ஏறினால் லேசில் போகாது.

யாராவது கீறுவதைப் பார்த்தால் சண்டைக்குப் போகாமல் காவலரிடம் சொல்லுங்கள். அவர் ஒரு விசில் ஊதுவார், உடனே பத்துப் பேர் கையைப் பாக்கெட்டுக்குள் விடுவார்கள்.