பள்ளிக்கூட நகைச்சுவைப் படம் எழுதும் முன்

திருகோணமலையில் மாணவர்களுடன் குறும்படம் எடுப்பவள் நான். நகைச்சுவை எழுத உட்காருகிறவர்களுக்கு முதலில் ஒரு வேலை கொடுப்பேன்: முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வரும் பஸ்ஸில் காதைத் திறந்து வைத்திருங்கள். எத்தனை விதமான தமிழ், இடையிடையே சிங்களம்! உங்கள் கதையில் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினால் அது நம் ஊர் இல்லை.

பிறகு, ஒவ்வொரு சிரிப்பிலும் பெயரை மாற்றிப் பாருங்கள். உங்கள் கதையில் வரும் முஸ்லிம் மாணவி பர்ஸானாவைக் கவிதா ஆக்கியதும் சிரிப்பு செத்துவிடுகிறதா? அப்படியானால் நீங்கள் சிரித்தது அவளுடைய முக்காட்டைப் பார்த்து. அடித்துவிடுங்கள். எங்கள் ஊர்க் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான் அவளுடைய சோற்றுப் பார்சலை இழுத்துக்கொண்டு ஓடட்டும். யார் பெயரிலும் அது சிரிப்புத்தான். நிறத்தைக் கேலி செய்யும் வரிக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம், நேரே வெட்டுங்கள்.

அவளுக்கென்று ஓர் ஆசையும் ஒரு பிடிவாதமும் கொடுங்கள். கதாநாயகிக்குப் புத்தி சொல்ல மட்டும் வருகிற தோழி பாத்திரமே அல்ல.

2022இல் வந்த ‘டர்னிங் ரெட்’ அனிமேஷன் படத்தில் கதாநாயகியின் தோழி பிரியாவுக்குக் குரல் கொடுத்த மைத்ரேயி ராமகிருஷ்ணனின் பெற்றோர் இலங்கைத் தமிழர். இதைச் சொன்ன அன்று என் மாணவிகளின் முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்!

கடைசியாக, படப்பிடிப்புக்கு முன்பே வசனத்தை ஒரு கிண்ணியா மாணவியிடம் வாசிக்கக் கொடுங்கள். அவள் முகம் சுளித்தால் வாதாடாமல் பேனாவை எடுங்கள்.